முதுகில் ஒத்தைக் கோடு

கொலைகாரி, லென்ஸ் மேடத்தின் கோட்டுப் பையில் இருந்தாள்.

சின்ன மருந்துக் குப்பி, வாயில் பஞ்சு. உள்ளே குப்புறக் கிடந்தது ஒரே ஒரு கொசு. கறுத்த உடம்பு, கால்களில் வெள்ளை வளையம், முதுகில் நடுவகிடு எடுத்த மாதிரி ஒத்தை வெள்ளைக் கோடு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த கொசுக்கள் எல்லாம் மண்ணு நிறம். இருட்டினால் வரும், காதோரம் பாடும், கடித்துவிட்டுப் போகும். அதோடு சரி. இவள் ஜாதியே வேறு. பட்டப்பகலில் வருவாள், சத்தம் காட்ட மாட்டாள், கணுக்காலைத் தேடிக் கடிப்பாள். காய்ச்சலோடு ஒரு பயணி ஊரில் வந்து இறங்கினால் போதும், அந்தக் காய்ச்சலை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக் கொடுத்துவிடுவாள்.

கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்திருந்தார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

"அண்ணே, அந்த மூலை அடுக்கையும் பார்த்திட்டீங்களா?" என்று கேட்டார் லென்ஸ் மேடம்.

"பார்த்தாச்சு மேடம். ஒவ்வொரு டயருக்குள்ளயும் தலையை விட்டு விட்டு எடுத்ததுல என் தலையே டியூப் மாதிரி ஆயிடுச்சு. புழு இருக்கு, பாசி இருக்கு, யாரோ தொலைச்ச ஒத்தைச் செருப்பு இருக்கு. நம்ம ஒத்தைக்கோடி மட்டும் இல்ல."

பதில் சொன்னவர் புகையண்ணன். கொசு மருந்துப் புகை மெஷினைத் தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் சரிந்துபோன மனிதர். பூச்சி ஒழிப்புப் பிரிவில் தினக்கூலி. தலை நரைக்கிறவரைக்கும் தினக்கூலி. மேடம் அவரைவிடச் சின்னவர், அந்தப் பிரிவின் ஆய்வாளர். பூச்சியைப் பார்க்கிற அதே பார்வையில்தான் மனுஷர்களையும் பார்ப்பார் என்பதால் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. இருவரும் நின்றுகொண்டிருந்தது ஒரு பழைய டயர்ப் பட்டறைக்குள். தேய்ந்த டயருக்கு ரப்பர் ஒட்டி மறுபடியும் ஓட வைக்கிற இடம்.

பட்டறையின் சொந்தக்காரர் பனியன்கூட இல்லாமல், ஒரு லாரி டயரின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேடுங்க, தேடுங்க. போன வாரம் தேடினீங்க. அதுக்கு முந்தியும் தேடினீங்க. கிடைக்கலேன்னா நீங்களே ஒண்ணைக் கொண்டுவந்து உள்ள போட்டுட்டு எடுங்க. எப்படியும் சாயங்காலம் இடிக்கத்தானே போறீங்க."

அதுதான் விஷயம். 'புதுக் கொசு பிறந்த இடம் இந்த டயர்ப் பட்டறை' என்று எழுதி, அடியில் மேடம் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சாயங்காலம் இடிக்கிற மெஷின் வந்து பட்டறையைத் தரைமட்டம் ஆக்கும். பட்டறைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற இரண்டு அறைகள்தான் டயர்க்காரருக்கு வீடு. அதுவும் சேர்ந்து போகும்.

வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. முன்னால் நின்றவள் தபால் ஆபீஸ் வாட்ச்மேனின் மனைவி. புருஷன் காய்ச்சலில் போய், அந்த வீட்டில் அழுகை இன்னும் அடங்கவில்லை. அவள் குரல் மட்டும் உடையாமல் கணீரென்று வந்தது.

"இன்னும் என்ன மேடம் பார்க்கிறீங்க? டயர் டயரா தண்ணி தேக்கி வச்சு என் வீட்டுக்காரரைக் கொன்னுட்டான் பாவி!"

டயர்க்காரர் எழுந்து கேட்டருகே போனார்.

"என் வீட்டுக்காரியும் அங்கதாம்மா தரையில கிடக்கிறா. நான் வளர்த்த கொசுவா இருந்தா, அவளை மட்டும் கடிக்காதேன்னு சொல்லி வளர்த்திருக்க மாட்டேனா?"

கூட்டத்தில் யாரோ கல்லை விட்டார்கள். அது கூரைத் தகரத்தில் பட்டு உருண்டது. லென்ஸ் மேடம் அந்தச் சத்தத்துக்குத் திரும்பவில்லை. டயர்க்காரரின் வெற்று முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"எனக்கு எதுவும் வராது. இது எமனுக்கே வேண்டாத உடம்பு."

"பகல் பூரா இங்கேயேதான் உட்காருவீங்களா? இப்படியே, சட்டை இல்லாம?"

"ரப்பர் காய்ச்சற சூட்டுல கோட்டா போட்டுக்க முடியும்?"

"உங்க வீட்டம்மா?"

"அவ ஸ்கூல்ல கூட்டிப் பெருக்கற வேலை. காலையில போனா சாயங்காலம்தான் வருவா."

மேடம் தலையசைத்துவிட்டு வெளியே நடந்தார். புகையண்ணன் பின்னாலேயே ஓடினார். கூட்டம் வழிவிட்டது, ஆனால் மனசார விடவில்லை.

"பகல்ல கடிக்கிற கொசு," என்றார் மேடம், தெரு திரும்பியதும். "பகல் பூரா வெத்து உடம்போட டயருக்கு நடுவுல உட்கார்ந்திருக்கிறவரை விட்டுட்டு, ஸ்கூல்ல இருக்கிற அவர் சம்சாரத்தைக் கடிச்சிருக்கு. ஏண்ணே?"

"அந்த முதுகைப் பார்த்தா எனக்கே கடிக்கத் தோணல மேடம். கொசுவுக்கும் ஒரு ரசனை இருக்கும்ல."

"விளையாடாதீங்க."

"விளையாடலேன்னா எனக்கு வேலையே ஓடாது. நீங்க சொல்லுங்க, அந்த ஆளை விட்டுடலாமா?"

"விடறதுக்கு நான் யாரு? உண்மையான ஆளைப் பிடிச்சுக் குடுத்தாத்தான் விடுவாங்க. காய்ச்சல் முதல்ல எங்கெங்க வந்துச்சு? ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

சுற்றினார்கள். வெயில் உச்சியில் இருந்தது. முதலில் தபால் ஆபீஸ், அதன் பின்னால் ஒட்டிய வாட்ச்மேன் வீடு. அடுத்து ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பள்ளிக்கூடம். அங்கிருந்து கோர்ட்டு, தண்ணீர்த் தொட்டி ஆபீஸ். ஒவ்வொன்றையும் சுற்றி நாலைந்து வீடுகளில் காய்ச்சல். அதைத் தாண்டினால் அடுத்த தெருவில் இல்லை. பட்டறைக்கு அடுத்த சந்தில்கூட ஒரே ஒரு வீடு. அந்த வீட்டு மனுஷருக்குக் கோர்ட்டில் டைப் அடிக்கிற வேலை.

கோர்ட்டு வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புகையண்ணன் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்தார்.

"எனக்கு ஒண்ணு புரிஞ்சு போச்சு மேடம்."

"என்ன?"

"இந்தக் கொசுவுக்கு அரசாங்க உத்தியோகம் மேல ஆசை. தபால் ஆபீஸ், ஸ்கூல், கோர்ட்டு, தண்ணித் தொட்டி. எல்லாம் பென்ஷன் வர்ற இடம். நான் இத்தனை வருஷமா கேட்டுக் கிடைக்காத நிரந்தர வேலை, நேத்து வந்த சிறுக்கிக்குக் கிடைச்சிருக்கு பாருங்க."

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றார்.

"அரசாங்க இடம். நாலு மூலை. ஆனா இவ பெரிய சோம்பேறிண்ணே. பிறந்த இடத்துலேருந்து பத்து வீடு தாண்டிப் பறக்க மாட்டா. எல்லா மூலையிலயும் காய்ச்சல் ஒரே வாரத்துல ஆரம்பிச்சிருக்கு. எப்படிப் போனா?"

"ஆட்டோ பிடிச்சிருப்பா."

"ஆமாம்," என்றார் மேடம். "அதான். யாரோ ஏத்திக்கிட்டுப் போய் ஒவ்வொரு இடத்துலயும் இறக்கி விட்டிருக்காங்க."

புகையண்ணனுக்குத் தன் கிண்டலை ஒருவர் நிஜமாக எடுத்துக்கொண்டால் பயம் வந்துவிடும். அவசரமாகச் செருப்பை மாட்டினார்.

"இந்த எல்லா இடத்துக்கும் போற ஆள் யாரு?" மேடம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "தபால்காரரா?"

"அவர் தெற்குத் தெருவுக்கும்தான் போறார். அங்க ஒரு தும்மல்கூடக் கிடையாதே."

"தெற்குத் தெரு சுத்தமா இருக்கு, இல்லையா?" மேடம் மெதுவாக எழுந்து நின்றார். "அண்ணே, தெற்குத் தெருவுல நாம பொறி வைக்கலையா?"

பொறி என்றால் பெரிய எந்திரம் ஒன்றும் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் கப்பு. அதில் பாதிக்குத் தண்ணீர், உள்ளே தொங்கவிட்ட ஒரு துணிக் கீற்று. கறுப்பும் நிழலும் தண்ணீரும் கண்டால் பெண்கொசு வந்து துணியில் முட்டை வைக்கும். வாரத்துக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்த்து, தண்ணீரைக் கொட்டி மாற்றிவிட்டால், ஊருக்குள் எந்தக் கொசு நுழைந்திருக்கிறது என்று தெரிந்துபோகும். திருடு போகாத இடமாகப் பார்த்து வைத்தார்கள். தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோர்ட்டு, தண்ணீர்த் தொட்டி ஆபீஸ்.

"வச்சோமே மேடம்," என்றார் புகையண்ணன். "கப்பு தீர்ந்துபோச்சு. அதனால தெற்குத் தெருவுக்கு மட்டும் நான் தண்ணி பாட்டிலை வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடிச்சு வச்சேன். அதிகாரிகூடக் கத்தினாரே, வடக்கால கப்புல எல்லாம் முட்டை விழுது, உன் பாட்டில்ல ஒண்ணுகூட விழலே, தண்டம்னு..."

பேச்சு அப்படியே நின்றது. சொல்லிக்கொண்டு வந்ததைத் தன் காதே கேட்டுவிட்ட மாதிரி ஒரு முகம்.

மேடம் ஏற்கெனவே கோர்ட்டின் பின்சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

கப்பு அங்கே தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, நிழலில், சாதுவாக உட்கார்ந்திருந்தது. மேடம் தரையிலேயே குந்தி உட்கார்ந்து, தண்ணீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றி மூடினார். அதற்குள் கறுப்பு நூல் துண்டுகள் மாதிரிப் புழுக்கள் நெளிந்தன. காலிக் கப்பை வெயிலில் சாய்த்து, லென்ஸை வைத்து உள்சுவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு லென்ஸைப் புகையண்ணனிடம் நீட்டினார்.

"நாம தண்ணி எது வரைக்கும் ஊத்துவோம்?"

"பாதிக்கு. அதோ, உப்புக் கறை கோடு கட்டியிருக்கே."

"அதுக்கு மேல?"

புகையண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பாதிக்கு மேலே, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, இன்னொரு கறை. பழசு. செம்மண் நிறத்தில். அதை ஒட்டி வரிசையாக, கரித்தூள் தூவின மாதிரிக் கறுப்புப் பொட்டுகள். பெரும்பாலானவை வாய் திறந்த வெறும் கூடுகள்.

"முட்டை," என்றார் மேடம். "துணியில இல்ல, கப்புல. நாம ஊத்தாத உயரத்துல. இந்த மேல் கறை நம்ம ஊர்த் தண்ணியோடது இல்லண்ணே. நம்ம தண்ணி வெள்ளையாக் கறை கட்டும். இந்த முட்டை தண்ணியில்லாம மாசக்கணக்கா உசிரோட காய்ஞ்சு கிடக்கும். என்னிக்குத் தண்ணி தொடுதோ அன்னிக்குப் பொரியும்."

"அப்ப இந்தக் கப்பு..."

"வேற ஊர்ல ஏற்கெனவே வேலை பார்த்த கப்பு."

ரெண்டு பேருக்கும் தெரியும் அது எந்த ஊர் என்று. துறைமுகத்து ஊர். அங்கே பயிற்சிக்குப் போன லென்ஸ் மேடம், திரும்பும்போது அந்த ஊர்ப் பூச்சி ஒழிப்பு ஆபீஸில் கழித்துப் போட்ட கப்புகளை ஒரு மூட்டை கேட்டு வாங்கி, ரயிலில் இடம் இல்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். புதுக் கொசு நம்ம ஊருக்குள் நுழைந்தால் முதல் நாளே பிடித்துவிடலாம் என்று அன்றைக்கு அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

புகையண்ணன் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். கப்பைக் கழுவினது அவர். குழாயடியில் மூட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, 'பிரஷ் போட்டுத் தேய்க்கட்டுமா மேடம்?' என்று கேட்டதும், பொறித் திட்டத்தின் திறப்பு விழாவுக்கு அதிகாரி வந்து காத்திருக்கிறார் என்று மேடம் வாட்சைப் பார்த்ததும், 'அலசினாப் போதும்ணே, நேரமாச்சு' என்றதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேடத்துக்கு இருக்குமா? இருந்தாலும் வெளியே வருமா? தினக்கூலி ஆளின் ஞாபகத்துக்கு ஆபீஸில் என்ன மதிப்பு?

"ஒண்ணுதான் இடிக்குது," என்றார் மேடம், அவர் முகத்தைப் பார்க்காமல். "நாம பாதிக்குத்தான் ஊத்தினோம். அப்புறம் பெரிய மனுஷர் வர்றார்னு நம்ம ஆளுங்க எல்லாரையும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அனுப்பிட்டாங்க. சில வாரம் பொறிப் பக்கமே நாம வரல. பாதித் தண்ணியும் காய்ஞ்சிருக்கணும். மேல இருந்த முட்டை அப்படியே கிடந்திருக்கணும். தண்ணி எப்படி மேல ஏறிச்சு?"

"மழை?"

"எங்க பெஞ்சுது?"

பெய்யவில்லை. அந்த வருஷம் வானம் ஊரை மறந்தே போயிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியபோது மெஷின் வந்துவிட்டது. மஞ்சள் நிறத்தில், கையை மடக்கிக்கொண்டு, கேட்டுக்கு நேராக நின்றது. டயர்களை அள்ளிப்போக ஒரு திறந்த லாரியும் நின்றது. ஊர் லாரிகள் எதுவும் வர மறுத்துவிட்டதால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வாடகைக்குப் பிடித்தது. கொஞ்சம் தள்ளி ஜீப். ஜீப்புக்குள் அதிகாரி.

"வாங்க, வாங்க. போடுங்க கையெழுத்தை. இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

மேடம் ஜன்னல் பக்கம் குனிந்தார். "டயர் இல்ல சார். நம்ம கப்பு."

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். அதிகாரி கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கப்பைக் கழுவினது யாரு?"

கண்ணாடியைத் திரும்ப மாட்டியபோது அவர் பார்வை நேராகப் புகையண்ணன் மேல் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் இந்த அதிகாரி தன்னை ஒருமுறைகூட இப்படி நேராகப் பார்த்தது இல்லை என்பது புகையண்ணனுக்கு உறைத்தது.

"கழுவச் சொன்னது நான்," என்றார் மேடம். "தேய்க்கவான்னு அவர் கேட்டார். வேண்டாம், அலசினாப் போதும்னு சொன்னதும் நான். அந்த மூட்டையைத் தூக்கிட்டு வந்ததும் நான்."

புகையண்ணனுக்கு மூச்சு திரும்பியது. அந்த மூச்சு திரும்பியதற்கே வெட்கமாக இருந்தது.

"அப்படியா," என்றார் அதிகாரி. "அப்ப ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. கொசு பிடிக்கிற டப்பாவே கொசு வளர்த்துச்சுன்னா ஊர் சிரிக்கும். அதைத் திறந்து வச்சவன் நான். பத்திரிகையில என் படம் வந்திருக்கு. டயர்ல தண்ணி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"புழு இருந்துச்சா?"

"அது வேற புழு சார்."

"புழுவுக்கெல்லாம் அடையாள அட்டை யாரும் கேக்க மாட்டாங்க. எழுதுங்க. நாளைக்கே இந்த அண்ணனுக்கு நிரந்தரத்துக்கு நான் சிபாரிசு பண்றேன். உங்களுக்கும் நல்லது."

இத்தனை வருஷம் நாயாய்ப் பேயாய் அலைந்து கேட்ட வார்த்தை ஜீப் ஜன்னல் வழியாகச் சும்மா வந்து விழுந்தது. புகையண்ணனுக்கு வாயில் எச்சில் ஊறியது. வெட்கம் கெட்ட எச்சில்.

"சார்," என்றார், "பட்டறையை இடிச்சா அந்தக் கொசு செத்துடுமா?"

"அது நம்ம கவலை இல்ல."

"அப்ப எனக்கு வேலை வேண்டாம் சார். புகை அடிக்கிற வேலைக்குக் கொஞ்சம் இருமல் வரும்னு தெரியும். இந்த வேலைக்குத் தூக்கம் வராது போலிருக்கு."

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மெஷின்காரனுக்குச் சைகை காட்டினார். கையெழுத்து இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும் என்பதுதான் அந்தச் சைகை. எஞ்சின் உறுமியது. டயர்க்காரர் ஓடவில்லை, கத்தவில்லை. கேட்டுக்கு உள்ளே ஒரு டயரை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

லென்ஸ் மேடம் அந்தக் கறுப்புக் கப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கும் கேட்டுக்கும் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! காய்ச்சல் இந்தப் பட்டறையிலேருந்து வரல. இதுலேருந்து வந்துச்சு. இதை உங்க ஊருக்குக் கொண்டுவந்தது நான்."

ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்:

"டயர்க்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான் மேடம்?"

சிரிப்பு. "உள்ளேயே குடும்பம் நடத்தினாங்களே காலையில பூரா!" "ரேட் படிஞ்சிடுச்சு போல!" மெஷின்காரனும் பல்லைக் காட்டினான். மேடம் மறுபடியும் சொன்னார். முட்டை, காய்ஞ்ச முட்டை, துறைமுகம், தண்ணீர் தொட்டால் பொரியும். யார் காதிலும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று அவர் நிஜமாகவே நினைத்திருந்தார் என்பது புகையண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வாட்ச்மேன் மனைவி மேடத்தின் பக்கத்தில் வந்து கப்பை வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி தொட்டாப் பொரியுமா?"

"ஆமாம்மா."

"எது வரைக்கும் தொட்டா?"

மேடம் விளிம்புக்குக் கீழே விரலை வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு ஏதோ புரிந்தது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"அது வந்தும்மா, நாங்க வராம விட்டுட்டோம், அந்த நேரத்துல மழைத் தண்ணி விழுந்து..."

"எங்க மேடம் மழை பெஞ்சுது?"

மேடம் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள். குரல் இப்போது கணீரென்று இல்லை. "இதை வச்சிட்டுப் போறப்ப சொன்னீங்களே, காய விடாதீங்கன்னு. நீங்க யாரும் வரல. தண்ணி வத்திப்போச்சு. நான்தான் செம்பு எடுத்துட்டுப் போய் ஊத்தினேன். கொஞ்சமா ஊத்தினா மறுபடி வத்திடும்னு நிறைய ஊத்தினேன். அவர்கூட சிரிச்சார், செடிக்கு ஊத்தற மாதிரி ஊத்தறியேன்னு. ஸ்கூல் ஆயா, கோர்ட்டு ஆயா எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லி வச்சேன். மேடம் நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க, நாம பார்த்துக்கணும்னு."

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்காரன் அதையும் நிறுத்தினான்.

"உங்க மேல தப்பு இல்லம்மா," என்றார் மேடம்.

"பின்ன அவர் மேலயா?"

அவள் டயர்க்காரரைப் பார்த்தாள். டயர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கப்பை ஓங்கித் தரையில் அடித்தாள். உடையவில்லை, துள்ளிக்கொண்டு போனது.

அப்போதுதான் கூட்டம் நம்பியது. நம்பினதும் திசை மாறியது. ஜீப் முந்திக்கொண்டு கிளம்பிவிட்டது. அதிகாரிக்கு இந்த விஷயத்தில் மூளை வேகம். மேடத்தைச் சுற்றி நாலு பக்கமும் கைகள். "எங்க ஆபீஸ் பின்னாடியும் ஒண்ணு இருக்கு!" என்று ஒருவன் ஓடினான். இன்னொருவன் ஓடினான். கொஞ்ச நேரத்துக்குள் கறுப்புக் கப்புகள் நாலாபக்கமிருந்தும் வந்தன. தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கப்பைச் சுவரில் அடித்தார்கள், காலால் எத்தினார்கள்.

"உடைக்காதீங்க! வீசாதீங்க! கொதிக்கிற தண்ணியில போடணும், எங்கிட்ட குடுங்க!" என்று மேடம் தொண்டை கிழியக் கத்தினார். அவர் சொல் கேட்டுத் தண்ணீர் ஊற்றின ஊர் அது. இனிமேல் கேட்குமா?

"கொண்டு போங்கடா இந்தச் சனியனை!" என்று யாரோ ஒரு கப்பை லாரிக்குள் வீசினார்கள். பின்னாலேயே இன்னும் சில. காலி லாரி. டிரைவர் பயந்துபோய், நமக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு என்று வண்டியை எடுத்தான்.

புகையண்ணன் அதைப் பார்த்தார். "டிரைவரே! நிறுத்துங்க! நிறுத்துங்க!" ஒரு பக்கம் சரிந்த தோளோடு பின்னால் ஓடினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். ஓசியில் ஏறுகிற ஆள் என்று நினைத்தானோ என்னவோ, இடம் இல்லை என்று கையை ஆட்டிவிட்டு கியரை மாற்றினான். தூசி மட்டும் மிச்சம்.

இருமிக்கொண்டே திரும்பி வந்தார். மேடத்தின் கோட்டு தோளில் கிழிந்திருந்தது. கூட்டம் கைக்கு எட்டினதைச் செய்துவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் கலைய ஆரம்பித்திருந்தது. வாட்ச்மேன் மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எத்தனை கப்பு அண்ணே?"

"எண்ண முடியல மேடம். ஆத்துக்கு அந்தப் பக்கத்து லாரி."

"அங்க இந்தக் கொசு இதுவரைக்கும் இல்ல."

"தெரியும் மேடம்."

கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. டயர்க்காரர் ஒரு பழைய மோட்டார் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து இவர்கள் முன்னால் நிறுத்தினார். சாவியைப் புகையண்ணன் கையில் வைத்தார்.

"பின் டயர் நானே ஒட்டினது. தாங்கும். போங்க."

"ரொம்ப நன்றிங்க," என்றார் மேடம். "உங்களுக்கு நாங்க..."

"உங்களுக்காகக் குடுக்கல," என்றார் டயர்க்காரர். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுவும் தீர்ந்து போயிருந்தது. "அந்த ஊர்லயும் எவனாவது ஒருத்தன் டயர்ப் பட்டறை வச்சிருப்பான்."